கோவேறு கழுதை நடந்த கரையில் சைக்கிள்

சைக்கிள் அக்கா பதில்கள்

போன இதழில் ஒருவர் "கோடையில் எங்கே போகலாம்?" என்று கேட்டிருந்தார். பிட்ஸ்பர்கிலிருந்து வாஷிங்டன் வரை கார் வராத பாதையிலேயே சைக்கிளில் போகலாம், 335 மைல் என்று நாலு வரி பதில் எழுதினேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்களைப் பார்த்துவிட்டு, இந்த இதழ் முழுக்க அதற்கே ஒதுக்கிவிடலாம் என்கிறார் ஆசிரியர். முழங்கால் வலிக்கு எந்தத் தைலம் என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாட்டில் பால் வாங்கவே காரில்தான் போக வேண்டியிருக்கிறது. 335 மைல் கார் இல்லாத பாதை எங்கிருந்து வந்தது, அக்கா?
வாசகர், கொலம்பஸ், ஒஹாயோ

காருக்கு முந்திய காலத்திலிருந்து வந்தது, தம்பி. கம்பர்லாண்ட் என்ற மலையடிவார ஊரில் இரண்டு பாதைகள் சேர்கின்றன. பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லாண்ட் வரை 150 மைல். கிரேட் அலெகேனி பாசேஜ் என்று பெயர். ரயில் நின்றுபோனதும் தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சுண்ணாம்புக்கல் தூள் போட்டுக் கெட்டித்த பாதை. கம்பர்லாண்டிலிருந்து வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் வரை 184.5 மைல், செசபீக்-ஒஹாயோ கால்வாயின் கரை. கால்வாயில் நிலக்கரிப் படகு மிதக்க, கரையில் கோவேறு கழுதைகள் கயிறு கட்டி அதை இழுத்துக்கொண்டு நடந்தன. அவை நடந்த தடத்தில்தான் நம் சக்கரம் உருளுகிறது.

இதன் கதை எனக்குப் பிடித்த கதை, கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன். 1828 ஜூலை 4 அன்று ஒரே நாளில் இரண்டு பூமி பூஜை நடந்தது. வாஷிங்டன் பக்கத்தில் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ் மண்வெட்டி பிடித்து இந்தக் கால்வாயைத் தொடங்கிவைத்தார். அதே நாளில் பால்டிமோரில் பால்டிமோர்-ஒஹாயோ ரயில்பாதைக்கு முதல் கல் நட்டார்கள். இருவருக்கும் குறி ஒன்றுதான்: மலையைத் தாண்டி ஒஹாயோ ஆற்றைத் தொட்டுவிடுவது. ரயில் 1842-லேயே கம்பர்லாண்டுக்கு வந்துவிட்டது. கால்வாய் தட்டுத்தடுமாறி வந்து சேர 1850 ஆனது. அதற்கு மேல் மலை ஏற அவர்களிடம் பணமும் இல்லை, அதற்கு அர்த்தமும் இல்லை. கம்பர்லாண்ட் நிலக்கரியைக் கீழே இறக்கியே பிழைத்தார்கள். 1924-ல் வந்த வெள்ளத்தோடு அந்தப் பிழைப்பும் போயிற்று. மலை மேல் ஓடிய வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில்பாதையை, பக்கத்திலேயே இன்னொரு பாதை இருக்கும்போது இது எதற்கு என்று 1975-ல் கைவிட்டார்கள்.

ஆக, ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கும், கால்வாய்க்காரர்களால் தொட முடியாத பிட்ஸ்பர்கை இன்று சைக்கிள்காரர்கள் தொடுகிறார்கள். கழுதைக்கும் கரி ரயிலுக்கும் போட்ட வழி என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாமே அதிலிருந்துதான் வருகிறது.

வழியில் கார் கண்ணிலேயே படாது என்று நினைக்க வேண்டாம். குறுக்கே சாலைகள் வரும், நின்று பார்த்துக் கடக்க வேண்டும். மெக்கீஸ்போர்ட் போன்ற ஊர்களில் பாதை கொஞ்ச தூரம் தெருவோடு ஒட்டிப் போகும்.

அப்பலாச்சியன் மலையைத் தாண்ட வேண்டும் என்கிறீர்கள். நான் ஏரிக்கரையைச் சுற்றி மட்டுமே ஓட்டிப் பழகியவன், வயது 54. ஏற முடியுமா? எந்த முனையிலிருந்து தொடங்குவது?
வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

ஏறலாம் ஐயா. கரி ஏற்றிய ரயிலுக்கு உங்களைவிட மூச்சு வாங்கும். அதனால்தான் மலையைக் குடைந்தும் பள்ளத்தின் மேல் பாலம் கட்டியும் பாதையைச் சமமாக்கி வைத்திருக்கிறார்கள். பிட்ஸ்பர்க் கிட்டத்தட்ட 720 அடி உயரத்தில் இருக்கிறது. மேயர்ஸ்டேல் ஊரைத் தாண்டி வரும் உச்சி 2,392 அடி. அந்த வித்தியாசத்தை ஏறத்தாழ 125 மைலுக்குப் பரப்பியிருப்பதால், பெரும்பாலான தூரம் ஏறுகிறோம் என்பதே காலுக்குத் தெரியாது. உச்சியிலிருந்து கம்பர்லாண்ட் வரை சுமார் 24 மைல் இறக்கம்தான். அங்கேகூடச் சரிவு 2 சதவீதத்தை எட்டாது. ஆகவே பிட்ஸ்பர்கில் தொடங்குங்கள். வாஷிங்டனிலிருந்து வருகிறவர்கள் அந்த 24 மைலை மிதித்தே ஏற வேண்டும். ஏறுகிறார்கள், ஆனால் முகத்தில் சிரிப்பு இருக்காது.

உச்சியில் மலைக்காட்சி எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஒரு சிறிய சாலைக்கு அடியில் சுரங்கம்போல ஒரு வழி, சுவரில் ஏற்ற இறக்க வரைபடம், அவ்வளவுதான். ஆனால் அந்த இடம்தான் நீர்பிரி மேடு. இந்தப் பக்கம் விழும் மழை காசல்மன், யாகியகேனி, மனோங்கஹேலா, ஒஹாயோ, மிசிசிப்பி என்று ஆறு மாறி ஆறாகப் போய் மெக்சிகோ வளைகுடாவில் கலக்கிறது. அந்தப் பக்கம் விழுவது பொட்டோமாக் வழியாக அட்லாண்டிக் போகிறது. நான் அங்கே நின்று பாட்டில் தண்ணீரை இரண்டு பக்கமும் கொஞ்சம் கொட்டுவேன். கூட வருகிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

கால்வாய்ப் பகுதி அதைவிடச் சுலபம். மொத்தம் 605 அடி இறக்கம், அதை 74 லாக்குகளில் பிரித்திருக்கிறார்கள். லாக் என்பது படகை ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் கல் தொட்டி. ஒரு லாக்குக்கும் அடுத்ததற்கும் நடுவே கரை சமதளமாகப் போகும். லாக் வரும் இடத்தில் குட்டியாக ஒரு சறுக்கல் இருக்கும், அதுதான் உங்கள் 'மலை'.

ஏரிக்கரைக்காரர்களுக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். சமதளத்தில் கால் வலிக்காது, உட்காருமிடம்தான் வலிக்கும். மேடு பள்ளம் இருந்தால் ஏறும்போது எழுந்து நிற்போம், இறங்கும்போது மிதிக்காமல் ஓய்வெடுப்போம். இங்கே இரண்டுக்கும் வாய்ப்பில்லை, மணிக்கணக்கில் ஒரே இருப்பு. மைல்கல் வரும்போதெல்லாம் பத்து மிதி எழுந்து நின்று மிதியுங்கள். மூன்றாம் நாள் என்னை வாழ்த்துவீர்கள்.

25 மில்லிமீட்டர் டயர் போட்ட ரோடு பைக் வைத்திருக்கிறேன். போதுமா?
வாசகர், ராலே

கம்பர்லாண்ட் வரை பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிடலாம். அதற்கப்புறம் கடிக்கப் பல் இருக்காது. கால்வாய்க் கரையில் கல், வேர், குழி, மழை பெய்தால் சேறு. சமீப வருடங்களில் பல மைல் தூரத்துக்குப் புதிதாகத் தளம் போட்டிருக்கிறார்கள், ஆனாலும் 38, 40 மில்லி டயரும் இரண்டு சக்கரத்துக்கும் மட்கார்டும் இல்லாமல் போகாதீர்கள். வாடகை சைக்கிள் பிட்ஸ்பர்கிலும் வழியில் சில ஊர்களிலும் கிடைக்கும்.

மழை விடாமல் அடித்தால் ஒரு மாற்று இருக்கிறது. ஹான்காக் ஊரை ஒட்டி, கால்வாய்க்குப் பக்கத்திலேயே வெஸ்டர்ன் மேரிலாண்ட் ரயில் டிரெயில் என்று தார் போட்ட பாதை ஒன்று 28 மைல் ஓடுகிறது. சேற்றிலிருந்து அதில் ஏறியதும் சைக்கிள் சத்தமே மாறிவிடும்.

எட்டு நாளும் மரமும் தண்ணீரும்தானா? போரடிக்காதா?
வாசகி, ஃபேர்ஃபாக்ஸ், வர்ஜீனியா

அம்மா, முதல் நாள் மரமே கண்ணில் படாது, இரும்புதான். பிட்ஸ்பர்கை விட்டு வெளியேறும்போது மனோங்கஹேலா ஆற்றங்கரையில் எஃகு ஆலைகள் இருந்த நிலத்துக்குள்ளே போகிறீர்கள். ஹோம்ஸ்டெட்டில் 1892-ல் வேலைநிறுத்தத் தொழிலாளர்களுக்கும் கம்பெனி கொண்டுவந்த பிங்கர்டன் என்ற தனியார் காவல் நிறுவனத்தின் ஆட்களுக்கும் துப்பாக்கிச் சண்டை நடந்ததே, அந்தப் பம்ப் ஹவுஸ் பாதையோரமே நிற்கிறது. அதன் பக்கத்தில் இன்று ஷாப்பிங் சென்டர், நடுவே ஆலையின் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக. கொஞ்சம் தள்ளி கென்னிவுட் பொழுதுபோக்குப் பூங்காவின் பின்புறமாகப் போகும்போது, தலைக்கு மேலே ரோலர் கோஸ்டரில் இருக்கிறவர்களின் அலறல் கேட்கும்.

பிறகு யாகியகேனி ஆற்றோடு திரும்புகிறோம். உள்ளூரில் சுருக்கமாக 'யாக்'. போஸ்டன் என்ற சின்ன ஊருக்கும் (அந்தப் பெரிய போஸ்டன் இல்லை) வெஸ்ட் நியூட்டனுக்கும் நடுவே ஓர் அருவி, பாறை முழுக்கச் செம்பழுப்பு. அழகாக இருக்கிறதே என்று படம் எடுப்பார்கள். கைவிட்ட நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வடியும் தண்ணீர் அது, நிறம் இரும்பிலிருந்து வருகிறது. கன்னல்ஸ்வில் பக்கம் ஒரு காலத்தில், எஃகு ஆலைக்காக நிலக்கரியைச் சுட்டுக் 'கோக்' என்ற எரிபொருளாக்கும் அடுப்புகள் ஆயிரக்கணக்கில் எரிந்தன, அந்த நிலக்கரிச் சீமையின் மிச்சம்தான் இந்த அருவி.

கன்னல்ஸ்வில் தாண்டியதும் நாடே மாறிவிடுகிறது. ஆறு பள்ளத்தில், இரண்டு பக்கமும் காடு, ரப்பர் படகில் போகிறவர்களின் கூச்சல் மரத்துக்கு நடுவே கேட்கும். ஓஹாயோபைலில் அருவி ஊருக்கு நடுவிலேயே கொட்டுகிறது. ஃபிராங்க் லாயிட் ரைட் அருவியின் மேலேயே கட்டிய ஃபாலிங்வாட்டர் வீடு அங்கிருந்து சில மைல்தான், ஆனால் அந்தச் சாலை மேடும் காருமாக இருக்கும். முன்பதிவு செய்து வண்டி பிடித்துப் போய் வாருங்கள். கான்ஃப்ளூயன்சில் மூன்று நீரோட்டங்கள் சேர்கின்றன. மேயர்ஸ்டேல் நெருங்கும்போது சாலிஸ்பரி பாலம், 1,908 அடி நீளம். கீழே பண்ணைகள், நெடுஞ்சாலை, இன்னும் ஓடுகிற சரக்கு ரயில், எல்லாவற்றுக்கும் மேலே நீங்கள். மேட்டுக் காற்றாலைகளும் தெரியும். அங்கே காற்று பலமாக இருந்தால் இறங்கித் தள்ளுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கால்வாய்ப் பகுதி வேறு மாதிரி. அங்கே பரபரப்பே கிடையாது. பாதி இடங்களில் கால்வாய் தூர்ந்துபோய், உள்ளே பெரிய பெரிய மரங்கள். மீதி இடங்களில் பாசி படிந்த பச்சைத் தண்ணீர், விழுந்து கிடக்கும் மரத்தின் மேல் ஆமைகள் வரிசையாக வெயில் காயும். சைக்கிள் சத்தம் கேட்டதும் ஒவ்வொன்றாக 'டபக்' என்று தண்ணீரில் விழும். பெரிய நீல நாரை மட்டும் நம்மை மதிக்காது. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பரில் போனால் பாவ்பாவ் பழம் விழுந்து கிடக்கும். ஆற்றங்கரை முழுக்க அந்த மரங்கள்தான். பப்பாளி என்று நினைக்காதீர்கள், நம் சீத்தாப்பழத்தின் குடும்பம். பச்சைத் தோல், விரலால் அழுத்தினாலே பிளந்துகொள்ளும். உள்ளே மஞ்சளாகக் குழைந்த சதை, மாம்பழமும் வாழைப்பழமும் கலந்த ருசி, வழவழவென்று பெரிய கறுப்பு விதைகள். தோலும் விதையும் சாப்பிடக் கூடாது. கடையில் வாங்க முடியாது, ஏனென்றால் பறித்து இரண்டு மூன்று நாளில் அழுகிவிடும்.

மோனோகசி நீர்ப்பாலத்தையும் விட்டுவிடாதீர்கள். கால்வாயை ஆற்றின் மேல் தூக்கிக்கொண்டு போன பாலம் அது, ஏழு கல் வளைவு, 516 அடி, 1833-ல் முடிந்தது. 1862 செப்டம்பரில் உள்நாட்டுப் போரில் தென்பகுதிப் படை இதை வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தது. கல் அசைந்து கொடுக்கவில்லை. அதன் மேல் உட்கார்ந்துதான் நான் மதியச் சாப்பாடு சாப்பிடுவேன்.

போரடிக்குமா என்றால், அடிக்கும். ஹான்காக்கிலிருந்து வில்லியம்ஸ்போர்ட் வரை ஒரு மத்தியானம் நிச்சயம் அடிக்கும். பாட்டு கேளுங்கள், ஒரு காதில் மட்டும்.

எத்தனை கலோரி எரியும்?
வாசகர், டாலஸ்

ஓஹாயோபைல் ஐஸ்கிரீம் கடை வரை நிறைய. அங்கே கணக்கு நேராகிவிடும்.

இருட்டுச் சுரங்கங்கள் உண்டாமே. என் பத்து வயது மகளுக்கு இருட்டென்றால் பயம். அவளை அழைத்து வரலாமா?
வாசகி, ஜெர்மன்டவுன், மேரிலாண்ட்

மலை மேலே இருக்கும் பிக் சாவேஜ் சுரங்கம் 3,294 அடி நீளம், ஆனால் உள்ளே விளக்கு எரியும். பயம் வேண்டாம், ஸ்வெட்டர் வேண்டும். ஜூலையிலும் உள்ளே குளிரும், கூரையிலிருந்து சொட்டும். ஃப்ராஸ்ட்பர்க்குக்குக் கீழே பிரஷ் சுரங்கம் சிறியது, ஆனால் அதில் சுற்றுலா ரயிலும் நம் பாதையும் அருகருகே. ரயில் சத்தம் கேட்டால் வெளியே நின்று, அது போனபின் நுழையுங்கள்.

உண்மையான இருட்டு கால்வாயின் பாவ் பாவ் சுரங்கத்தில்தான். 3,118 அடி, விளக்கே கிடையாது. 1836-ல் தோண்டத் தொடங்கி 1850-ல்தான் திறந்தார்கள். காலரா, கூலித் தகராறு, பணத் தட்டுப்பாடு என்று பதினாலு வருடம் இழுத்தது. உள்ளே அறுபது லட்சம் செங்கல். கழுதை நடந்த ஓரம் குறுகலானது, ஒரு பக்கம் செங்கல் சுவர், மறுபக்கம் மரக் கைப்பிடி, அதற்கு அப்பால் கறுப்புத் தண்ணீர். சைக்கிளில் ஏறி ஓட்டாதீர்கள், தரை குண்டும் குழியுமாக இருக்கும். இறங்கித் தள்ளுங்கள்.

ஆளுக்கொரு தலைவிளக்கு மாட்டிக்கொள்ளுங்கள். மகளிடம், கைப்பிடிக் கட்டையில் வெளிச்சத்தை அடித்து, இழுகயிறு உரசி உரசி அறுத்த பள்ளங்களைத் தேடச் சொல்லுங்கள். விரல் உள்ளே போகும் அளவுக்கு ஆழமாக இருக்கும். உள்ளே இரண்டு படகுகள் எதிரெதிரே வந்து, நீ பின்னால் போ, நான் போக மாட்டேன் என்று நாள்கணக்கில் முறைத்துக்கொண்டு நின்றதாக ஒரு கதை உண்டு. கடைசியில் கம்பெனி ஆட்கள் சுரங்க வாயில் தீ மூட்டிப் புகை போட்டு வெளியேற்றினார்களாம். அதைச் சொல்லி முடிப்பதற்குள் மறுமுனை வெளிச்சம் தெரிந்துவிடும்.

நாங்கள் சுத்த சைவம். வழியில் சாப்பாட்டுக்கு என்ன செய்வது?
வாசகர், பிட்ஸ்பர்க்

உள்ளூர்க்காரர் கேட்கும் கேள்வியா இது! பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரர் கோயில் கேன்டீன் புளியோதரையைக் கட்டிக்கொண்டு கிளம்புங்கள். முதல் நாள் முழுக்க அது போதும், மறுநாள் காலைக்கும் தாங்கும். பெருமாள் பார்த்துக்கொள்வார்.

அப்புறம் ரயில் நின்ற ஊர்கள்தான். கன்னல்ஸ்வில், ஓஹாயோபைல், கான்ஃப்ளூயன்ஸ், ராக்வுட், மேயர்ஸ்டேல், ஃப்ராஸ்ட்பர்க் என்று மலைப் பகுதியில் பத்து முதல் இருபத்தைந்து மைலுக்குள் ஏதாவது ஓர் ஊர் வந்துவிடும். பீட்சா, முட்டை, சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டி கிடைக்கும். முட்டையும் வேண்டாம் என்றால் வேர்க்கடலை வெண்ணெயும் டார்ட்டியாவும். கம்பர்லாண்டுக்குப் பிறகு கடைகள் அபூர்வம். சில சின்ன ஊர்களில் திங்கள், செவ்வாயில் கடையே திறக்காது. அதனால் வறுத்த ரவையில் தாளித்துக் கலந்த உப்புமா மிக்ஸ், பருப்புப் பொடி, ஊறுகாய், சின்ன கேஸ் அடுப்பு, இவை என் பையில் எப்போதும் இருக்கும்.

கால்வாய்க் கரையில் ஐந்து முதல் ஏழு மைலுக்கு ஒரு முகாம் உண்டு, இலவசம். முன்பதிவு கிடையாது, ஓர் இரவு தங்கலாம். ஒரு மேசை, தீ மூட்ட ஒரு வளையம், நடமாடும் கழிப்பறை, ஒரு கைப்பம்பு. பம்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இரண்டு கையாலும் அடித்தால் முதலில் பெருமூச்சு, அப்புறம் ஏப்பம், அப்புறம்தான் தண்ணீர். கிருமி போக அயோடின் கலந்திருப்பதால் லேசான பழுப்பு நிறம், ஆஸ்பத்திரி வாசனை. அதில் டிகாஷன் இறக்கினால் காபிக்கு அவமானம். வைட்டமின் சி அயோடின் வாசனையைக் கொன்றுவிடும், அதனால் குடிக்கிற தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் ருசி திரும்பும். ஆனால் காபியில் எலுமிச்சை பிழிய முடியாதே! ஊரில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலில் தனியாக வைத்திருங்கள், காலைக் காபிக்கு மட்டும். பம்பில் கைப்பிடி இல்லாவிட்டால் தண்ணீர் சோதனையில் தேறவில்லை, கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அடுத்த முகாமுக்கு நடையைக் கட்டுங்கள்.

கூடாரம் ஒத்துவராது என்பவர்களுக்கு ஊர்களில் விடுதி உண்டு. கால்வாய்ப் பூங்காவில் லாக் காவலர் குடும்பங்கள் வாழ்ந்த பழைய வீடுகள் சிலவற்றை இரவு தங்க வாடகைக்கும் விடுகிறார்கள். அதற்கு முன்பதிவு வேண்டும்.

தனியாகப் போக ஆசை. 36 வயதுப் பெண். பாதுகாப்பா? கரடி இருக்கிறதாமே?
வாசகி, கிளீவ்லாண்ட்

நான் தனியாகப் போயிருக்கிறேன், மறுபடியும் போவேன். பயணக்காரர்கள் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் பாதை இது. காலையில் பார்த்த அதே முகங்களை மாலை முகாமிலும் பார்ப்பீர்கள். நான் பார்த்துக்கொள்வது இரண்டு விஷயம்: கார் வந்து நிற்கிற இடத்துக்கு ஒட்டிய முகாமில் தங்குவதில்லை. பாவ் பாவ் பக்கம் போனில் சிக்னல் கிடைக்காது, அதனால் முதல் நாளே வீட்டில் "நாளை சாயங்காலம் வரை பேச முடியாது" என்று சொல்லிவிடுவேன். இல்லாவிட்டால் அம்மா ஊரிலிருந்து போலீசுக்கே போன் போட்டுவிடுவாள்.

கரடி உண்டு, கறுப்புக் கரடி. சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் இருந்தால் அது உங்களைத் தேடி வராது. நான் பயப்படுவது உண்ணிக்கு. எள் அளவுதான் இருக்கும், புல்லோரம் உரசும்போது காலில் ஏறிக்கொள்ளும், லைம் நோயைக் கொண்டுவருவது அதுதான். தினமும் இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால், தலைமுடி என்று தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூரான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய் வைப்பது, தீக்குச்சி காட்டுவது எல்லாம் கூடாது. அப்புறம் பாய்சன் ஐவி என்ற கொடி. ஒரு காம்பில் மூன்று இலை, நடு இலைக்கு மட்டும் காம்பு நீளம். புதருக்குப் பின்னால் ஒதுங்குமுன் கீழே பாருங்கள். இதற்கு மேல் விளக்க மாட்டேன்.

எப்போது போவது நல்லது?
வாசகர், சிகாகோ

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை. கொசு குறைந்திருக்கும், மலையில் இலை நிறம் மாறும். ஏப்ரல் கடைசியிலும் போகலாம், பொட்டோமாக் கரையில் நீலமணிப் பூ பூத்திருக்கும், கூடவே சேறும் இருக்கும். குளிர்காலத்தில் பனிக்கட்டி சுவரைப் பிளந்துவிடாமல் இருக்கப் பிக் சாவேஜ் சுரங்கத்தின் கதவை மூடிவிடுவார்கள், ஏறத்தாழ டிசம்பரிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரை. கைப்பம்புகளையும் நவம்பர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட் புழுக்கம் சென்னைக்காரர்களுக்குப் பழகியது, ஆனால் கொசுவும் பழகியதுதானா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய வேலையைச் செய்தது அரசாங்கமா?
வாசகர், சான் ஹோசே

கடைசியில் அரசாங்கம், முதலில் பிடிவாதக்காரர்கள். 1950-களில் கால்வாயின் மேல் கார் சாலை போடும் திட்டம் இருந்தது. 'வாஷிங்டன் போஸ்ட்' அதை ஆதரித்துத் தலையங்கம் எழுதியது. உச்ச நீதிமன்ற நீதிபதி வில்லியம் டக்ளஸ், என்னோடு இந்தக் கரையில் நடந்து பார்த்துவிட்டு எழுதுங்கள் என்று அந்தப் பத்திரிகைக்கே கடிதம் போட்டார். வந்தார்கள். 1954 மார்ச்சில், கம்பர்லாண்டிலிருந்து எட்டு நாள் நடை. முழுத் தூரத்தையும் நடந்து முடித்தது டக்ளசையும் சேர்த்து ஒன்பது பேர். அவர்களில் பத்திரிகைக்காரர்கள் இல்லை, ஆனால் பத்திரிகை தன் கருத்தை மாற்றிக்கொண்டது. 1971-ல் கால்வாய் தேசிய வரலாற்றுப் பூங்காவாயிற்று.

மலைப் பகுதி அப்படி ஒரே மூச்சில் வரவில்லை. 1986-ல் ஓஹாயோபைல் பக்கம் முதல் துண்டு திறந்தது. அப்புறம் ஊர் ஊராகத் தன்னார்வலர்கள் பணம் திரட்டி, நிலம் கேட்டு, பாலத்துக்குப் பலகை அடித்து, 2013-ல்தான் பிட்ஸ்பர்க் வரை இடைவெளி இல்லாமல் முடிந்தது. இன்றும் பாதைக்குக் கட்டணம் கிடையாது. விழுந்த மரத்தை அறுத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களை வழியில் பார்த்தால் நின்று ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டுப் போங்கள்.

மதுரையிலிருந்து அம்மா வருகிறார், 62 வயது. அவரும் சைக்கிள் ஓட்டுவார். முழுப் பயணம் முடியாது. ஒரு நாளைக்கு ஏதாவது?
வாசகி, மோன்றோவில், பென்சில்வேனியா

கான்ஃப்ளூயன்சிலிருந்து ஓஹாயோபைல், பத்து மைல், மெல்லிய இறக்கம், ஆறு பக்கத்திலேயே வரும். வாடகைக்கு சைக்கிள் எடுங்கள், அகலமான சீட் கேளுங்கள். அம்மா சேலையில்தான் ஓட்டுவார் என்றால் சங்கிலி மூடி உள்ள வண்டியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பேட்டரி சைக்கிளும் போகலாம், ஆனால் மிதித்தால் மட்டும் உதவுகிற வகைதான் அனுமதி, கைப்பிடியைத் திருகினால் ஓடும் வகை கூடாது. ஓஹாயோபைலில் அருவிக்கு எதிரே உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரியுங்கள். அவர் இன்னும் போகலாம் என்பார். போகாதீர்கள், திரும்பி வர ஏற வேண்டும். அதற்குப் பதில் நீங்கள் மட்டும் கான்ஃப்ளூயன்சுக்குத் திரும்பிப் போய் காரை எடுத்து வாருங்கள்.

வாஷிங்டன் போய்ச் சேர்ந்தாயிற்று. சைக்கிளோடு எப்படித் திரும்புவது?
வாசகர், பிட்ஸ்பர்க்

முதலில் முடிவுக் கல்லைக் கண்டுபிடியுங்கள். பாதி பேர் ஜார்ஜ்டவுனில் கடைகளைப் பார்த்ததும் முடிந்தது என்று நின்றுவிடுகிறார்கள். பூஜ்ஜியமாவது மைல்கல் ராக் கிரீக் ஓடை பொட்டோமாக்கில் சேரும் இடத்தில், படகுக் கூடத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. வாட்டர்கேட் கட்டடம் பக்கத்தில்தான்.

அங்கிருந்து யூனியன் ஸ்டேஷன். பிட்ஸ்பர்குக்கு ஆம்ட்ராக் ரயில் உண்டு. சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் அடைக்க வேண்டியதில்லை, ஆனால் டிக்கெட் எடுக்கும்போதே சைக்கிளுக்கும் இடம் பதிவு செய்ய வேண்டும். இடங்கள் சிலதான், அக்டோபரில் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பயணத் தேதியையே ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள். பைகளைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிளை ரயில் ஆளிடம் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

ரயில் போவது ஹார்ப்பர்ஸ் ஃபெரி, கம்பர்லாண்ட், கன்னல்ஸ்வில் வழியாக. ஆம், 1828-ல் கால்வாயோடு போட்டி போட்டதே, அந்த பால்டிமோர்-ஒஹாயோ தடம்தான். கம்பர்லாண்ட் வரை பல இடங்களில் பொட்டோமாக் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே வரும், எந்தப் பக்கம் ஜன்னல் கிடைத்தாலும் உட்காருங்கள். கால்வாய்க் கரையிலிருந்து ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஊருக்குள் போக ஒரு ரயில் பாலத்தின் ஓரமாக நடந்து ஆற்றைக் கடக்கலாம், அந்தப் பாலத்தின் பக்கமாகவே வண்டி போகும். பிட்ஸ்பர்க் வரும்போது நள்ளிரவை ஒட்டிய நேரமாகிவிடும். பைகளைச் சைக்கிளில் மாட்டுமுன் முன்விளக்கும் பின்விளக்கும் எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே இருப்பது கார் ஓடும் தெரு.